வகுப்பில் புரிகிறது, அடுத்த வாரம் மறந்துவிடுகிறது: என்ன செய்ய?

மறுபடி விளக்காதீர்கள், மாணவர்களைப் புத்தகத்தை மூடச் சொல்லி நினைவிலிருந்து எழுத வையுங்கள். "புரிந்தது என்கிறார்கள், அடுத்த வாரம் ஒவ்வொரு கணக்கிற்கும் என்னிடமே வருகிறார்கள்" என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: திரும்பத் திரும்பப் படித்தால் பாடம் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதையே தெரிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். (நாமும் அப்படித்தானே படித்தோம்!) 2006இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள்.

இதைச் செய்து பாருங்கள்: வகுப்பு தொடங்கியதும் போன வாரப் பாடத்தில் 3 கேள்வி, மதிப்பெண் கிடையாது. எழுதி முடித்ததும் அவர்களே புத்தகத்தைத் திறந்து திருத்தட்டும்.

ஆனால் முதலிலேயே புரியாதவர்களுக்கு இது பலிக்காது. அவர்களுக்குப் படிப்படியாகப் போட்டுக் காட்டிய கணக்குகள் முதலில், அப்புறம்தான் இது.