தூரத்துல இருக்கிறவங்ககிட்ட நெட் கால்ல பேசுறது: கேட்டீங்க, சொல்றேன்

வாய்ஸ் நெட்வொர்க் பக்கம் ரொம்ப வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், அந்த தைரியத்துலதான் கேளுங்கன்னு சொன்னேன். வந்த கேள்வியில பாதி ஒரே மாதிரி இருந்துச்சு, அதையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அண்ணா, நெட் கால் ஃப்ரீன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா என் டேட்டா பேக் பாதியிலயே காலியாகுது. ஒரு மணி நேரம் பேசினா எவ்ளோ இழுக்கும்?

பதில்: ஃப்ரீ எல்லாம் இல்ல தம்பி, காசு வேற வழியா போகுது அவ்ளோதான். வெறும் குரல்னா நிமிஷத்துக்கு அரை எம்பில இருந்து ஒரு எம்பின்னு வச்சுக்கங்க, ஒரு மணி நேரம் பேசினாலும் 30ல இருந்து 60 எம்பிக்குள்ள முடிஞ்சிடும். வீடியோ ஆன் பண்ணீங்கன்னா நிமிஷத்துக்கே 5 எம்பிக்கு மேல போகும், படம் நல்லா தெளிவா வந்தா இன்னும் மேல. அதனால முதல் அஞ்சு நிமிஷம் முகம் பாத்துட்டு அப்புறம் வீடியோவை அணைச்சிட்டு பேசுங்க, நான் அப்படித்தான் பேசுறேன். வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள போனா கால்ல டேட்டா கம்மியா எடுக்கச் சொல்ற ஒரு ஸ்விட்ச் இருக்கு, அதையும் போட்டுடுங்க. இன்னொண்ணு, நிறைய பேருக்கு பேக்கை காலி பண்றது காலே கிடையாது, குரூப்ல வர்ற வீடியோ எல்லாம் தானா டவுன்லோட் ஆகுது பாருங்க, அதுதான்.

கேள்வி: சார், அக்காகிட்ட பேசும்போது நான் பேசுறது எனக்கே திரும்பி கேக்குது. என் போனை சர்வீஸுக்கு குடுக்கணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், உங்க போன் நல்லாத்தான் இருக்கு. எக்கோ யாருக்கு கேக்குதோ அவங்க பக்கம் தப்பு இருக்காது, எதிர் பக்கம்தான் இருக்கும். உங்க குரல் அக்கா போன் ஸ்பீக்கர்ல சத்தமா வருது, அவங்க மைக் அதையே பிடிச்சு உங்களுக்கு திருப்பி அனுப்புது. அக்காவை ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்க, இல்லன்னா வயர் வச்ச ஹெட்செட் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. ப்ளூடூத் வேணாமான்னு கேப்பீங்க, எக்கோ அதுலயும் போயிடும், ஆனா நிறைய ப்ளூடூத் செட்டுல மைக் ஆன் ஆனதும் குரலோட தரம் கீழ இறங்கிடும், பாட்டு கேக்கும்போது இருந்த தெளிவு கால்ல இருக்காது.

கேள்வி: ப்ரோ ஸ்பீட் டெஸ்ட்ல 80 எம்பிபிஎஸ் காட்டுது, அப்பவும் பேச்சு வெட்டி வெட்டி வருது, செம கடுப்பா இருக்கு

பதில்: குரலுக்கு ஸ்பீடே பெருசா வேணாம் ப்ரோ. இப்ப நிறைய ஆப்ல இருக்கிறது ஓபஸ்னு ஒரு கோடெக், அதாவது குரலை சுருக்கி அனுப்பி அந்தப் பக்கம் விரிக்கிற முறை, 2012ல ஸ்டாண்டர்ட் ஆச்சு, அது 6 கேபிபிஎஸ்ல கூட, உங்க 80 எம்பிபிஎஸ்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல அது, பேச்சை கொண்டு போய் சேத்துடும். வேண்டியது ஒழுங்கு. உங்க குரலை 20 மில்லி செகண்ட் துண்டு துண்டா வெட்டி, செகண்டுக்கு 50 துண்டு அனுப்புறாங்கன்னு வைங்க, அந்த 50ம் சீரா ஒரே இடைவெளியில போய் சேரணும். அஞ்சு துண்டு சேர்ந்தாப்ல வந்து அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரலன்னா, லேட்டா வந்ததை ஆப் தூக்கி எறிஞ்சிடும், ஏன்னா அந்த வார்த்தையோட நேரம் தாண்டிப் போச்சு. சினிமா பாக்கும்போது அது முன்கூட்டியே சேத்து வச்சிக்கும், பேச்சுல நீங்க இன்னும் பேசாததை எப்படி சேத்து வைக்கும்? இந்த முன்னப்பின்ன வர்றதுக்குப் பேருதான் ஜிட்டர். ஸ்பீட் டெஸ்ட்ல கொட்டை எழுத்துல காட்டுற டவுன்லோடை விட்டுட்டு அப்லோடையும் ஜிட்டரையும் பாருங்க.

வீட்ல யாராவது போட்டோ பேக்கப் போட்டுட்டு இருந்தாலே போதும், அப்லோட் பைப் அடைச்சு உங்க குரல் பின்னாடி க்யூல நிக்கும். பேசுற நேரம் மட்டும் அதை நிறுத்துங்க. வைஃபைல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கும், 2.4ல இருந்தா 5க்கு மாறுங்க, மைக்ரோவேவ் அடுப்பு ஓடுறதும் அதே 2.4லதான். ரெண்டு சுவர் தாண்டி உக்காந்திருந்தா 5 வந்து சேராது, அப்ப நீங்கதான் எழுந்து ரூட்டர் பக்கம் போகணும், வேற வழி இல்ல. இதெல்லாம் செஞ்சும் வெட்டுச்சுன்னா எதிர்ல இருக்கிறவங்களையும் இதையே செய்யச் சொல்லுங்க. உங்களுக்கு வெட்டி கேக்குதுன்னா பாதி நேரம் அவங்க அப்லோட்தான் காரணம்.

கேள்வி: ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்திடுறோம். இது என்ன வியாதி?

பதில்: தாமதம். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா ஆளுக்கு தெரியாது, 400ஐ தொட்டா நீங்க சொல்ற அதே கூத்துதான். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப 10,000 கிலோமீட்டருக்கு 50 மில்லி செகண்ட், அதனால தூரத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா 36,000 கிலோமீட்டர் மேல நிக்கிற சாட்டிலைட் வழியா நெட் வந்தா ஏறி இறங்கவே கால் செகண்ட் ஆயிடும். அந்த மாதிரி லைன்ல பழைய வயர்லெஸ் மாதிரி முடிச்சதும் "சொல்லு"ன்னு விட்டுக் குடுத்து பேசுங்க, இல்லன்னா வாய்ஸ் மெசேஜ் மாத்தி மாத்தி அனுப்புங்க. கேவலமா நினைக்காதீங்க, மோசமான லைன்ல அதுதான் நிம்மதி.

கேள்வி: தாத்தாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு, நெட் கிடையாது. முன்னாடி ஸ்கைப்ல காசு போட்டு பேசுவேன், இப்ப அது இல்ல. என்ன பண்றது சார்?

பதில்: ஆமா, ஸ்கைப் 2025 மே மாசம் மூடிட்டாங்க, 2003ல இருந்து ஓடினது. வைபர் அவுட் மாதிரி ஆப்ல இருந்து சாதாரண நம்பருக்கு போடுற சர்வீஸ் இன்னும் இருக்கு. இதுல ஏன் காசுன்னா, பாதி வழி நெட்ல போயிட்டு கடைசியில தாத்தாவோட டெலிபோன் கம்பெனிக்குள்ள நுழையணும், அவன் வாசல்ல காசு வாங்குவான். காசு போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் ரேட் வேற வேறயா, கால் எடுத்ததுக்கே தனியா ஒரு சார்ஜ் உண்டா, போட்ட காசு எத்தனை நாள்ல காலாவதி ஆகும். மாசம் நிறைய நேரம் பேசுவீங்கன்னா கணக்கு போட்டுப் பாருங்க, தாத்தாவுக்கு ஒரு பழைய ஸ்மார்ட்போன் குடுத்துடுறதே லாபமா இருக்கும். அவசர உதவி நம்பருக்கு மட்டும் இந்த ஆப் எதையும் நம்பாதீங்க, அதுக்கு சிம் கால்தான்.

கேள்வி: போன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணிட்டு வெளிநாட்டுக்கு பேசினேன், ஃப்ரீன்னு நினைச்சேன், பில் வந்துடுச்சு!

பதில்: பேரு அப்படி வச்சு ஏமாத்திட்டாங்க. அது டவருக்கு பதிலா வைஃபை வழியா உங்க சிம் கம்பெனிக்கே போற சாதாரண கால், ரேட்டும் அவங்க ரேட்தான். ஆப்ப திறந்து அதுக்குள்ள இருந்து போட்டாத்தான் நெட் கால்.

கேள்வி: வெளிநாடு போறேன், புது சிம். பழைய நம்பர்லயே வாட்ஸ்அப் ஓடுமா? போற இடத்துல கால் வேலை செய்யுமா?

பதில்: பொதுவா ஓடும். ஆனா பழைய சிம்மை ரொம்ப நாள் ரீசார்ஜ் பண்ணாம விட்டா கம்பெனி அந்த நம்பரை வேற யாருக்காவது குடுத்துடும், அப்புறம் அவங்க அந்த நம்பர்ல வாட்ஸ்அப் போட்டா உங்க அக்கவுண்ட் உங்க கையில இருக்காது. வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் பின், அதாவது நம்பரை புதுசா பதியும்போது கூடுதலா கேக்கிற ரகசிய நம்பர், போட்டு வைங்க, இல்லன்னா ஆப்லயே நம்பரை மாத்திடுங்க. வாட்ஸ்அப் பதிய உங்களுக்கு வர்ற கோடை கேட்டு யார் மெசேஜ் பண்ணாலும், சொந்த தம்பி பேர்ல வந்தாலும், சொல்லாதீங்க. அப்புறம் எல்லா நாட்லயும் கால் விட மாட்டாங்க. ஐக்கிய அரபு அமீரகத்துல வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், கால் தடை, லைசென்ஸ் வாங்கின ஆப்லதான் பேசணும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டு போன்லயும் ரெண்டாவதா ஒரு ஆப் போட்டு ஒரு தடவ பேசிப் பாத்துடுங்க, போன அப்புறம் போன்லயே சொல்லிக் குடுக்கிறது பெரிய பாடு.

கேள்வி: நான் கூப்பிட்டா அம்மாவுக்கு ரிங்கே அடிக்க மாட்டேங்குது. அவங்க கூப்பிட்டா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. நெட் எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே.

பதில்: ரிங் வராதது பேட்டரி சேவர் வேலை, பின்னாடி ஓடுற ஆப்ப அது தூங்க வச்சிடும். பேட்டரி செட்டிங்ல அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துட்டு, நோட்டிஃபிகேஷன் ஆன்ல இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

கிணத்து குரலுக்கு என் கதை. எங்க சித்தி ஆறு மாசம் இப்படித்தான் பேசினாங்க. நான் ரூட்டரை மாத்தச் சொன்னேன், ஆப்ப அழிச்சு போடச் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. ஒருநாள் வீடியோ கால்ல "சித்தி, கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க, பின்பக்க கேமராவுக்கு மாத்துங்க"ன்னேன். கண்ணாடியில தெரியுது, புக் மாதிரி திறக்கிற கவரை பின்னாடி மடக்கி, அது நழுவாம இருக்க சுண்டு விரலால போனோட அடிப்பக்கத்தை தாங்கிப் பிடிச்சிருக்காங்க. மைக் ஓட்டை மேலயே விரல். விரலை எடுக்கச் சொன்னதும் அடுத்த ரூம்ல ஓடுற ஃபேன் சத்தம் வரைக்கும் கேட்டுச்சு. நீங்களும் அம்மாவை கண்ணாடி முன்னாடி நிறுத்திப் பாருங்க.