அப்பாவிடம் இருபது சென்ட் மட்டும் கேளுங்கள்

மூன்று ஏக்கர் நெல்லையும் இந்தச் சம்பா பருவத்திலேயே யூரியா இல்லாமல் இயற்கை முறையில் நடலாம் என்று நீங்கள் சொன்னதும் அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவர் பக்கம்தான். விளைச்சல் விழுந்தால் கடனைக் கட்டப்போவது அவர்.

இருபது சென்ட் மட்டும் கேளுங்கள், பக்கத்து வயலின் மருந்துத் தண்ணீர் வடியாத மேட்டு மூலையாக. நடவுக்கு முன், மண்ணோடு உழுது உரமாக்கும் பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டை விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ என்றால் உங்களுக்கு 4 கிலோ போதும். 45 நாளில், பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளி அவரிடம் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். யூரியா மூட்டையில் வருவதும் அதே சத்துதான். என் தந்தை என் வாதம் எதற்கும் மசியவில்லை. அந்த முடிச்சைத்தான் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் ரகத்தை நடும் ஆசையை முதல் ஆண்டு விட்டுவிடுங்கள். ஐந்து மாதம் நிற்கும், உயரமாக வளர்ந்து காற்றில் சாயும். அப்பா வழக்கமாக நடும் ரகத்தையே நடுங்கள்; அப்போதுதான் வித்தியாசம் உரத்தால் வந்ததா, விதையால் வந்ததா என்ற சண்டை வராது. வரவு செலவை அவர் நோட்டிலேயே அவர் எழுதட்டும்.

இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் காணொளிகளை அவருக்கு அனுப்புவதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வயல் களிமண்ணா, மணற்பாங்கா?