முதல் ரோவைப் பார்த்து டைப்பைக் கணிக்க வேண்டாம்

வணக்கம். பைத்தானின் சைக்கோபிஜி2 (psycopg2) லைப்ரரி வழியாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் குவெரியை ஓட்டி, முதல் ரோவின் மதிப்புகளிலிருந்து நெடுவரிசைகளின் டேட்டா டைப்பைக் கணிக்கிறீர்கள். நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத இடம்) வந்தாலோ ரோவே இல்லாவிட்டாலோ மாட்டிக்கொள்கிறது. இது பலரும் தடுக்கி விழும் இடம்தான்.

எக்ஸிக்யூட் முடிந்ததும் கர்சரின் (குவெரியை ஓட்டும் ஆப்ஜெக்ட்) டிஸ்கிரிப்ஷனைப் (cursor.description) பாருங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பதிவு இருக்கும்: முதலில் பெயர், இரண்டாவதாக டைப் கோட். ரோ ஒன்றுகூட வராவிட்டாலும் இது கிடைக்கும். டைப் மட்டும் போதும் என்றால் உங்கள் குவெரியை சப்குவெரியாக வைத்து, வெளியே லிமிட் 0 (LIMIT 0) போடுங்கள்; ரோ எதுவும் வராது.

டைப் கோட் வெறும் எண்ணாக வரும். 23 என்றால் இன்டிஜர், 20 பிக்இன்ட், 25 டெக்ஸ்ட், 1043 வார்கேர், 1700 நியூமெரிக். இந்தப் பட்டியலை அப்படியே கோடில் எழுதிவைக்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். நீங்களே உருவாக்கிய ஈனம் (enum, குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) போன்றவற்றின் எண் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். பிஜி_டைப் (pg_type) என்ற சிஸ்டம் டேபிளில் அந்த எண்ணைக் கொடுத்துப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எடுத்து டிக்‌ஷனரியில் வைத்துக்கொண்டால் போதும்.

டேபிள் விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் தேடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் டேபிள், வியூ நெடுவரிசைகள் மட்டுமே இருக்கும். குவெரியில் கணக்கிட்டு வரும் நெடுவரிசை அதில் இருக்காது. உதாரணமாக, இன்டிஜர் நெடுவரிசையை சம் (SUM, கூட்டல்) செய்தால் விடை பிக்இன்ட். அது டிஸ்கிரிப்ஷனில்தான் தெரியும்.

அப்புறம், டெஸ்டுக்கு எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸை வைத்திருந்தால் கவனம். பைத்தானின் எஸ்க்யூலைட்3 மாட்யூல் டிஸ்கிரிப்ஷனில் பெயரை மட்டும் தரும், டைப் இடத்தில் நன் (None, காலி) என்றே வரும். அங்கே டைப்ஆஃப் (typeof) ஃபங்ஷனை குவெரிக்குள்ளேயே எழுத வேண்டும். அதுவும் ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்லும்.