நியூயார்க் நகரின் துப்புரவுத் துறை எப்படி உருவானது?

துப்புரவுத் துறை என்றால், தெருவைப் பெருக்கி, குப்பையை அள்ளி, அதை அப்புறப்படுத்துவது வரை பொறுப்பேற்கும் நகர நிர்வாகப் பிரிவு. நியூயார்க்கில் 1881 வரை இந்த வேலை போலீஸ் வசம் இருந்தது. வாட்ச்மேனையே வீட்டையும் பெருக்கச் சொன்ன மாதிரிதான். இரண்டில் ஒன்று கெடத்தானே செய்யும்? சரி என்று 1881இல் தனித் துறை அமைத்தார்கள். ஆனால் வேலை கட்சிக்காரர்களின் ஆட்களுக்கே போனது. குதிரைச் சாணம் தெருவில் கிடந்தபடியே கிடந்தது.

உண்மையான மாற்றம் 1895இல் ஜார்ஜ் வாரிங் என்ற பொறியாளர் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற பிறகுதான். பெருக்குபவர்களுக்கு முழு வெள்ளைச் சீருடை கொடுத்தார். யார் வேலை செய்கிறார், யார் சும்மா நிற்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரியும். மருத்துவருக்குக் கிடைப்பது போன்ற மதிப்பும் கிடைக்கும். 1896இல் அவர்களைத் துடைப்பமும் வண்டியுமாக அணிவகுத்து நடக்க வைத்தார். ஊரே கைதட்டியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். அப்புறம், சாம்பல், உணவு மிச்சம், உலர்ந்த குப்பை என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவரும் அவரே.

வாரிங் கிருமிகளைப் பற்றித் தெரிந்துதான் இதையெல்லாம் செய்தார் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, சாக்கடையிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பியவர் அவர்.