அந்த நாற்காலி காலியாகத்தானே இருந்தது?

கேள்வி: வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், உடம்பு முடியாத மாமியார். எட்டு மாதமாக ஒரு கடைவாய்ப்பல் படுத்துகிறது. மாத்திரை போட்டு ஓட்டுகிறேன். பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் தவறாமல் கூட்டிப்போய்விடுவேன், போன மாதம்கூடப் போய்வந்தோம். எனக்குத்தான் நேரம் அமைவதில்லை. இப்போது இரண்டு வாரமாக வலி தானாகவே நின்றிருக்கிறது. வேலை குறையும்வரை, ஒரு மூன்று மாதம் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடக் கூடாது. இதே மாதிரிக் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. பல், முதுகு, கண் என்று உறுப்பு மட்டும்தான் மாறும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

போன மாதம் பல் டாக்டரின் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறீர்கள். பிள்ளை வாயைத் திறந்து காட்ட, நீங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். அப்போது உங்கள் பல்லுக்கு ஏழு மாத வலி. பிள்ளை இறங்கியதும் அந்த நாற்காலி காலியாகத்தானே இருந்தது? “டாக்டர், என் பல்லையும் ஒரு தடவை பாருங்கள்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே சிகிச்சை முடிந்திருக்காது, சரி. அடுத்து வரவேண்டிய தேதியாவது கையில் இருந்திருக்கும். அதனால் நேரம் இல்லை என்று எனக்கு எழுதாதீர்கள். நேரமும் இருந்தது, டாக்டரும் இருந்தார். உங்களைத்தான் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை நீங்கள் கடமை என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தேடும் அம்மாவைப் பிள்ளைகள் எட்டு மாதமாகப் பார்க்கிறார்கள். மகள் இருந்தால் நாளை அவளும் இப்படித்தான் இருப்பாள். மகன் இருந்தால், மனைவி வலியோடு நடமாடுவது சகஜம் என்று எடுத்துக்கொள்வான். இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறீர்களா?

இன்னொன்று. கடிதத்தில் மாமியார் இருக்கிறார், கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் கூட இருக்கிறார் என்றால், தன் அம்மாவை ஒரு நாள் அவரே பார்த்துக்கொள்ளட்டும். அது உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல, அவருடைய வேலை.

வலி நின்றதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் அது வீங்கும். சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் வீங்க இடம் கிடைக்காது, உயிர் போகிற மாதிரி வலிக்கும். கடைசியில் அந்தத் திசு செத்துப்போகும், வலியும் நின்றுவிடும். கிருமி நிற்பதில்லை. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். உங்கள் பல்லிலும் இதுதான் நடந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை எடுக்கச் சில நிமிடம் போதும்.

பல்லைக் காப்பாற்ற முடிந்தால் ரூட் கெனால் செய்வார்கள், அதாவது உள்ளே கெட்டுப்போன திசுவை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று தடவை போகவேண்டியிருக்கும், அப்புறம் பல்லின் மேலே உறை மாதிரி ஒரு கேப் போடுவார்கள். விட்டுவிட்டால் பல்லைப் பிடுங்கும் நிலை வரலாம். பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நகர்ந்து வரும். செயற்கைப் பல் பொருத்துவதென்றால் மாதக்கணக்கில் நடக்கவேண்டி வரலாம். நேரம் இல்லாதவர்தானே நீங்கள்?

எந்த மாத்திரை என்று எழுதவில்லை. பாராசிட்டமால் என்றால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் எல்லை. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எல்லை மீறினால் ஈரல் கெடும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள். செத்த திசுவுக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது.

முகமோ தாடையின் கீழ்ப்பகுதியோ வீங்கினாலும், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலும், கூடவே காய்ச்சல் அடித்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நாளை காலை வேலைக்குக் கிளம்பும் முன், பிள்ளைகளைப் பார்க்கும் அதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எட்டு மாத வலி, இரண்டு வாரமாக நின்றிருக்கிறது என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இந்த வாரத்திலேயே, அன்றைய முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த தடவை பிள்ளைகளுக்கு நேரம் வாங்கும்போது மூன்று பேருக்கு வாங்குங்கள்.