12 கிராம் குருவிக்கு இத்தனை நாட்டுக் கையெழுத்தா?

கேள்வி: சார், ஐரோப்பாவுல அக்வாட்டிக் வார்ப்ளர்னு ஒரு கதிர்க்குருவிக்காக பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்குன்னு படிச்சேன். அந்தந்த நாடு அதோட இடத்தப் பாத்துக்கிட்டா பத்தாதா?

பதில்: பத்தாதுங்க. பெலாரஸ், உக்ரைன், போலந்து, லிதுவேனியா பக்கம் கோரை மண்டின சதுப்புல குஞ்சு பொரிக்குது, கோடை முடியறப்ப கிளம்பி நேரா தெக்க போகாம மேற்கால சுத்தி பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல்னு எறங்கி எறங்கி, மொராக்கோ தாண்டி சகாராவுக்குத் தெக்க போய் குளிர்காலத்தக் கழிக்குது. வெறும் 12 கிராம் உடம்பு. வழியில எறங்கி பூச்சி தின்னு தெம்பு ஏத்திக்கற ஒரு சதுப்ப வத்த விட்டாக்கூட மத்தவங்க செலவழிச்சது பாதி வேஸ்ட். அதான் 2003ல பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்ல அந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, என்னைக் கேட்டா அது பெரிய குறைதான்.

கேள்வி: ஆப்பிரிக்காவுல எங்க தங்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

பதில்: எறகை வச்சுதான்! இது எறகு மாத்திக்கறது ஆப்பிரிக்காவுல. அங்க தின்ன பூச்சி, அந்த மண்ணு, தண்ணி எல்லாத்தோட ரசாயன அடையாளமும் புது எறகுல பதிஞ்சிடும், ஐரோப்பாவுல பறவையப் பிடிச்சு எறக எடுத்து ஐசோடோப் டெஸ்ட் (ஒரே தனிமத்துல எடை வேறான அணுக்கள் எந்த விகிதத்துல இருக்குன்னு பாக்கறது) பண்ணி, எந்தப் பக்கம்னு குத்துமதிப்பா முடிவு பண்ணிட்டு, 2007 ஜனவரில செனகல் போய்த் தேடினாங்க. ஜூஜ் தேசியப் பூங்காவுல, வெள்ளம் நிக்கற புல்வெளில ஆள் சிக்கிடுச்சு.

கேள்வி: சதுப்புல புல்லு வெட்டறதும் பாதுகாப்பாம்! இயற்கைய அப்படியே விட்டா என்ன?

பதில்: நல்ல கேள்வி, நிறைய பேர் இங்கதான் சறுக்கறாங்க. சோவியத் காலத்துல வாய்க்கால் வெட்டி ஏகப்பட்ட சதுப்ப வடிச்சுட்டாங்க. மிச்சத்துல விவசாயிங்க மாட்டுக்காக அரிவாளால புல்லு அறுத்துட்டு இருந்தாங்க, அதுவும் நின்னு போச்சு. நாணலும் புதரும் ஏறிடுச்சு. இந்தக் குருவிக்கு ஆள் உயர நாணல் ஆகாது, தண்ணி லேசா நிக்கற கட்டைக் கோரைதான் வேணும், அதுக்கடியில கூடு. தண்ணி கொஞ்சம் ஏறினா கூடு முழுகும், வத்தினா புதர் வரும். போலந்தோட பியெப்ஷா சதுப்புல டிராக்டர் எறக்கினா புதைஞ்சிடும்னு, பனிச்சறுக்கு மலைல பனிய சமன் பண்ற அகலமான பெல்ட் வண்டிய மாத்தியமைச்சு அதுல புல்லு வெட்டறாங்க. வெட்டின புல்ல எரிபொருள் துண்டா அழுத்தி வித்தும் பாத்தாங்க. குஞ்சு பறந்தப்புறம்தான் வெட்டணும், அதுல காம்ப்ரமைஸ் கிடையாது.

கேள்வி: குஞ்சுகள ஒரு நாட்டுலேந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போனது நெஜமா?

பதில்: நெஜம். 2018ல பெலாரஸோட ஸ்வானெட்ஸ் சதுப்புலேந்து 50 குஞ்சுகள எடுத்து லிதுவேனியால ஜுவிந்தாஸ் சதுப்புக்குக் கொண்டு போனாங்க. விடிஞ்சதுலேந்து இருட்டற வரைக்கும் பூச்சி ஊட்டி வளத்து, சதுப்புலயே கூண்டு வச்சுப் பழக்கி விட்டதுல 49 பறந்துச்சு. குஞ்சா ஏன்? பெரிய பறவையக் கொண்டு போனா பழைய இடத்துக்கே திரும்பிடும், குஞ்சு எங்கேந்து முதல்ல பறக்குதோ அதத்தான் ஊருன்னு நெனைக்கும். அடுத்த வருஷம் ஆப்பிரிக்கா போயிட்டு 11 அங்கயே திரும்பி வந்துச்சு! முதல் வருஷக் குருவிங்க பாதிக்கு மேல எப்படியும் செத்துரும், அதப் பாத்தா இது அசத்தல் ரிசல்ட். ஆனா ஸ்வானெட்ஸ்ல குருவி நிறைய இருந்ததாலதான் எடுக்க முடிஞ்சுது.

கேள்வி: ஆண் குருவி குஞ்சு வளக்க உதவாதாமே?

பதில்: துளிகூட. சாயங்காலமா கோரை நுனில உக்காந்து பாடறதோட அவரு டியூட்டி ஓவர். கூடு, அடை, தீனி எல்லாம் அம்மா தலையில, ஒரே கூட்டுல ரெண்டு மூணு அப்பாக்களோட குஞ்சுங்க இருக்கறதும் சகஜம். கணக்கெடுக்கறப்பவும் பாடற ஆணத்தான் எண்ண முடியும், உலகம் பூரா சுமார் 11,000னு சொல்றது அந்தக் கணக்குதான். பெண்ணுங்க சத்தமில்லாம வேலை செய்யறதால லிஸ்ட்லயே இல்ல.