சின்ன ஆன்லைன் கடைக்குக் காசு கொடுத்து எஸ்எஸ்எல் வாங்க வேண்டுமா?

புடவை விற்கும் சின்னத் தளத்துக்கு விலை கூடிய எஸ்எஸ்எல் (தளத்துக்கும் வாங்குபவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிக் காக்க உதவும் சான்றிதழ்) தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழே போதும். காசு கூடினால் பூட்டு கெட்டியாகும் என்று நினைக்காதீர்கள். மறையாக்கம், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது, எல்லாவற்றிலும் ஒன்றுதான். இலவசத்தில் டொமைன் (தளத்தின் முகவரி) உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஓவி (OV), ஈவி (EV) என்ற விலை கூடிய வகைகளில் நிறுவனப் பதிவையும் சரிபார்ப்பார்கள், அதற்குத்தான் காசு. முன்பு ஈவி வாங்கினால் முகவரிப் பட்டையில் கடைப்பெயர் பளிச்சென்று தெரியும். 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை எடுத்துவிட்டன. அப்புறம் யாருக்குக் காட்ட?

சரி, கவனிக்க வேண்டியது காலாவதி. இலவசச் சான்றிதழ் 90 நாளுக்கு மேல் ஓடாது. உங்கள் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் தீபாவளி விற்பனை நேரமாகப் பார்த்து, கடை வாசலில் எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும்.